எல்லை மலையும் டர்னிப் கிழங்கும்

கேரள நாட்டில் 44 ஆறுகள் உள்ளன என்பர். அவற்றுள் 41 ஆறுகள் மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலை அடைகின்றன. மூன்று மட்டுமே கிழக்கு நோக்கித் திரும்புகின்றன. அவை கபினி, பவானி, பாம்பாறு என்பன. மூன்றும் இறுதியில் காவிரியோடு கலப்பவை. இவற்றுள் பவானி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர் வழியாகவும் தமிழ்நாட்டுக்குள் புகுகின்றன. நீர் கிழக்கே செல்லும் இப்பகுதிகளில் மக்களின் பேச்சிலும் தமிழ் மிகுதியாகக் கேட்கிறது. மலையாளப் பெயர்ப்பலகை தொங்கும் கடைக்குள் நுழைந்தால், "என்ன வேணும் அண்ணாச்சி?" என்ற குரல் நம்மை வரவேற்கும்.

இவ்விரு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளைப் பற்றியும், அங்கே வீட்டுக் கொல்லையில் விதைத்து எடுக்கத்தக்க ஓர் எளிய கிழங்கைப் பற்றியும் நம் சங்கத்து ஏட்டில் எழுதுவது பொருத்தம் என எண்ணுகிறேன். அக்கிழங்கு டர்னிப். ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டின் பின்புறத்தில் நாலு முழ நிலம் கிடைத்தால் அதில் என்ன போடலாம் என்று எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு இது பயன்படும்.

கணவாயின் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போல் நிற்க, அச்சுவரில் இயற்கை விட்ட பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. ஆனி, ஆடியில் மேலைக் காற்று இவ்வாயில் வழியே கோவைச் சீமைக்குக் குளிர்ச்சி கொண்டு செல்லும். மார்கழி, தையில் கீழைக் காற்று எதிர்த்திசையில் வந்து பாலக்காட்டு வயல்களை உலர்த்தும். பங்குனி, சித்திரையில் இங்கே வெயில் சில ஆண்டுகளில் 40 பாகையையும் தாண்டுவதுண்டு.

பாலக்காட்டிலிருந்து சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி செல்லும் சாலையில் பயணம் செய்தால் நாடு மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். பசிய நெல்வயல் மெல்ல மறைந்து, கரிசலும் பனையும் தோன்றும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் ஆகிய ஊர்களில் வீட்டுமொழி தமிழே. தக்காளி, வெண்டை, பாகல், புடலை ஆகியன இவ்வூர்களின் காய்கறி. சித்தூர் வட்டம் முன்பு கொச்சி அரசைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தோடு இருந்துவிட்டது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் அவ்வாறே. எல்லைக்கோடு ஊர்களுக்கு இடையே விழுந்தது. உறவும் சந்தையும் கோட்டைக் கடந்தே நடந்து வருகின்றன.

இத்தகைய வெப்பநாட்டில் டர்னிப் விளையுமா? விளையும். ஆனால் காலம் அறிந்து விதைத்தல் வேண்டும். டர்னிப் 10 முதல் 20 பாகை வரையுள்ள குளிர்ச்சியில் மென்மையும் இனிப்பும் பெறும். வெப்பம் மிகுந்தால் நாரோடிக் காரம் ஏறும். பாலக்காட்டுச் சமவெளியில் கார்த்திகையில் விதைத்துத் தை முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதுவும் வெப்பம் ஓரளவு தாங்கும் ஆசிய வகைகளையே தேர்ந்துகொள்ளுதல் நலம். முட்டைக்கோசும் பூக்கோசும் மலைக்கே உரியவை என்று முன்னோர் எண்ணினர். இன்றோ குளிர்காலத்தில் கேரளச் சமவெளியிலும் அவற்றைப் பயிரிடுகின்றனர். அந்த நான்கு திங்களின் குளிரே டர்னிப்புக்கும் வாய்ப்பு.

பாலக்காட்டுக்குத் தெற்கே நென்மாறையிலிருந்து போத்துண்டி அணை வழியாக மலையேறினால் நெல்லியாம்பதி வரும். அங்கே கொச்சி அரசர் காலத்தில், 1943-இல், ஆரஞ்சும் காய்கறியும் பயிரிட ஓர் அரசுப் பண்ணை தொடங்கப்பட்டது. அது இன்றும் கேரள அரசின் பொறுப்பில் நடைபெறுகிறது. கீழே வெயிலில் வாடும் பயிர் சில மணி நேரப் பயணத்தில் மேலே தழைக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. பாலக்காடு நகரம் கடல்மட்டத்துக்கு மேல் நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு மலையூருக்கும் அதற்கும் பத்துப் பாகைக்கு மேல் வேறுபாடு இருப்பது இதனாலேயே.

மறையூரும் அஞ்சுநாடும்

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை சென்று, அமராவதி அணையை ஒட்டி மலைப்பாதையில் ஏறினால் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். கேரளம் என்றதும் ஓயாத மழையை எண்ணுவோர் இங்கே வியப்படைவர். மழை மறைவுப் பகுதியாதலின் முட்செடியும் கள்ளியும் நிறைந்த வறண்ட காடு இது. அதைக் கடந்தால் மறையூர். இயற்கையாக வளர்ந்த சந்தனக் காடும், பழங்காலத்துக் கற்பதுக்கைகளும், கரும்பு வயல்களும் இவ்வூரின் அடையாளங்கள். இங்குள்ள ஆலைகளில் காய்ச்சி உருட்டும் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு எனப் பெயர் பெற்றவை. இவ்வூர்களின் பழங்குடிகளான வேளாளர், தம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர் என்று சொல்லி வருகின்றனர். அவர்களுக்கும் முன்பே மலையில் வாழ்ந்தவர் முதுவரும் பிறரும் ஆவர். ஆக, இம்மலையில் குடியேற்றம் என்பது புதிய செய்தியன்று.

மறையூரிலிருந்து காந்தளூர் மேலும் பதினைந்து கிலோமீட்டர் அளவு. அங்கே கரும்பு மறைந்து காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பீன்ஸ், பூண்டு ஆகியன தோன்றும். ஆப்பிளும் பிளம்சும் கூடக் காய்க்கின்றன. மலையின் மறுபக்கத்தில் வட்டவடை. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் கோவிலூர் வரும். அவ்வூரே வட்டவடையின் கடைவீதி. மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல்கள். ஒவ்வொரு படியும் வேறு பச்சை. காந்தளூர்-வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது காரமும் மணமும் மிகுந்தது.

ஓணப் பண்டிகைக்குக் கேரளம் முழுவதும் காய்கறி தேவைப்படும். ஆவணிக்குள் அறுவடையாகும்படி வைகாசியிலேயே விதைத்துவிடுகின்றனர். அரசு நிறுவனமான ஹார்ட்டிகார்ப் கொள்முதல் செய்கிறது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் தந்து விளைச்சலை எடுத்துக்கொள்ளும் வணிகரும் உளர். முன்பணம் வாங்கிய உழவர் விலை பேச இயலாமற் போவது பழைய துன்பம். இன்னொரு துன்பமும் உண்டு. மரக்கூழுக்காக நட்ட யூகலிப்டஸ் மரத்தை இங்கே கிராண்டிஸ் என்பர். அது வயல்களை விழுங்கியதோடு ஊற்றுகளையும் வற்றச் செய்தது என்று ஊரார் குறைகூறுகின்றனர். அம்மரங்களை அகற்றி மீண்டும் காய்கறி போட வேண்டும் என்ற முயற்சியும் நடைபெற்று வருகிறது.

டர்னிப் இவ்வூர்களின் பெருவயற்பயிர் அன்று. காரட்டுக்கும் பூண்டுக்கும் உள்ள சந்தை அதற்கு இல்லை. ஆனால் அது கேட்கும் குளிரும் ஈரமும் இங்கே நிறைந்துள்ளன. வணிகரின் முன்பணம் தீண்டாத பயிர் அது. வீட்டாருக்கு மட்டும் விளைந்து வீட்டாரே உண்பது.

டர்னிப்பும் நூல்கோலும்

தமிழர் கடைத்தெருவில் பெருங்குழப்பம் ஒன்று உண்டு. நூல்கோலைக் காட்டி டர்னிப் என்பர்; டர்னிப்பைக் காட்டி நூல்கோல் என்பர். இரண்டும் வேறு. நூல்கோல் முட்டைக்கோசின் இனம். தண்டு பருத்து மண்ணுக்கு மேலே பந்துபோல் நிற்கும்; பந்தின் உடம்பிலிருந்தே இலைக்காம்புகள் கிளம்பும். டர்னிப் கடுகின் இனம். மண்ணுக்குள் வேர் பருக்கும். இலைகள் உச்சியில் ஒரே கொத்தாக நிற்கும். வெளியே தெரியும் தோள்பகுதி வெயில் பட்டுச் செந்நீலம் ஏற, மண்ணுள் இருக்கும் பகுதி வெண்மையாக இருக்கும் வகையே பெரிதும் காணப்படுவது.

நூல்கோல் என்ற பெயரில் நூலும் இல்லை, கோலும் இல்லை. குமிழ்க்கோசு என்ற பொருளுடைய டச்சுச் சொல்லே நம் வாயில் அவ்வாறு உருண்டது. 1663 முதல் 1795 வரை கொச்சியையும், அதே காலத்தில் இலங்கைக் கரைகளையும் டச்சுக்காரர் ஆண்டனர். இலங்கைத் தமிழர் இன்றும் நோக்கோல் என்றே சொல்வர்.

டர்னிப்போ வட இந்தியாவில் நெடுங்காலமாக அறிந்த பயிர். இந்தியில் சல்கம் என்பர். காஷ்மீரத்திலும் பஞ்சாபிலும் குளிர்கால உணவில் அதற்குத் தனி இடம் உண்டு. நம் தென்மலைகளில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பரப்பியவர் ஆங்கிலேயர். உதகையில் 1845-இல் அங்கிருந்த ஐரோப்பியர் பணம் திரட்டித் தம் தேவைக்கெனக் காய்கறித் தோட்டம் ஒன்று தொடங்கினர். 1848-இல் மக்ஐவர் பொறுப்பேற்றபின் அதுவே புகழ்பெற்ற தாவரவியற் பூங்காவாக வளர்ந்தது. மலர்க் கண்காட்சிக்கு இன்று கூட்டம் கூடும் இடத்தின் தொடக்கம் சமையற்கறிக்காக வெட்டிய பாத்திதான்!

இங்கிலாந்தில் இக்கிழங்குக்கு வரலாற்றுப் புகழே உண்டு. 1674 முதல் 1738 வரை வாழ்ந்த டவுன்சென்ட் பிரபு, அமைச்சுப் பதவி விட்டு நார்போக்குக்குத் திரும்பி, கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என நான்காண்டுச் சுழற்சிப் பயிர்முறையைப் பரப்பினார். குளிர்காலத்தில் கால்நடைக்குத் தீனி கிடைத்தது; நிலத்தைத் தரிசாகப் போடும் தேவையும் குறைந்தது. அவருக்கு டர்னிப் டவுன்சென்ட் என்றே பட்டப்பெயர் வந்தது.

விதைக்கும் முறை

டர்னிப் விதை கடுகு போலவே இருக்கும். ஒரு கிராமில் சில நூறு விதைகள் அடங்கும். எனவே, ஒரு சிறு பொட்டலமே ஒரு குடும்பத்துக்குப் போதும்.

முதலில் மண். மலைநாட்டு மண் புளிப்பு மிகுந்தது. தேயிலை அப்புளிப்பை விரும்பும், டர்னிப் விரும்பாது. புளித்த மண்ணில் கோசு இனச் செடிகளுக்கு வேர்முண்டு நோயும் எளிதில் வரும். ஆதலின் விதைப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை நீற்றுச் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடுதல் வேண்டும். நன்றாக மக்கிய தொழுவுரம் இட்டு, ஒரு சாண் ஆழம் கல்லும் கட்டியும் இல்லாமல் பொடியாக்குக. பச்சைச் சாணம் கூடாது; அதனால் இலை கொழுக்கும், கிழங்கு பிளவுபடும்.

அடுத்து விதைப்பு. கத்தரி, மிளகாய்க்கு நாற்றங்கால் போட்டுப் பிடுங்கி நடுவது போல் இதனைச் செய்தல் ஆகாது. டர்னிப்பின் ஆணிவேரே பருத்துக் கிழங்காகிறது. பிடுங்கி நட்டால் அவ்வேர் ஒடிந்தோ கவைத்தோ போகும். விதைத்த இடத்திலேயே வளரவிட வேண்டும். ஒரு பங்கு விதையோடு பல பங்கு மணல் கலந்து, ஓரடி இடைவெளியிட்ட வரிசைகளில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி, மெல்ல மண் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். நான்கு முதல் ஏழு நாளில் முளை காணும்.

மூன்றாவது, கலைத்தல். புதிதாகப் பயிரிடுவோர் மனம் துணியாத வேலை இதுதான். முளைத்த செடிகளை எல்லாம் விட்டுவைத்தால் இலை மட்டுமே கிடைக்கும், கிழங்கு கிடைக்காது. செடி நாலு விரல் உயரம் வந்ததும், நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிடுக. களைந்தவை வீண் அல்ல. அவை இளங்கீரை, அன்றே பொரியலாகும்.

நீர் சீராக இருக்க வேண்டும். காயவிட்டுப் பிறகு பெருக நனைத்தால் கிழங்கு வெடிக்கும். இலையில் ஊசி குத்தியது போல் துளைகள் தோன்றினால் தத்துவண்டு வந்துள்ளது என்று அறிக. காலைப் பனியில் விறகுச் சாம்பல் தூவுவது கொல்லைக்குப் போதிய காவல். கிழங்கை அறுத்தால் உள்ளே பழுப்பாக இருப்பின் மண்ணில் போரான் சத்து குறைவு. இது மழை மிகுந்த மலைமண்ணில் காணும் குறை. முட்டைக்கோசு, முள்ளங்கி போட்ட பாத்தியிலேயே உடனே டர்னிப் போடாமல், பீன்ஸ் போட்ட பாத்தியில் மாற்றி விதைப்பது நன்று. நார்போக்குச் சுழற்சியின் கருத்தும் இதுவே.

விதைத்த 45 முதல் 60 நாளில் கிழங்கு தயாராகும். எலுமிச்சைக்கு மேல், சாத்துக்குடிக்குள் உள்ள பருமனே சுவை. பெரிதாகட்டும் என்று விட்டுவைத்தால் நார் கட்டும். நூறு கிராம் கிழங்கில் 90 பங்குக்கு மேல் நீர். வைட்டமின் சி ஏறத்தாழ 20 மில்லிகிராம். சத்தில் கிழங்கைவிட இலையே சிறந்தது. இலையில் சுண்ணச்சத்து கிழங்கில் உள்ளதைப் போல் பலமடங்கு.

சமையலில் இக்கிழங்கு நம் வழிக்கு எளிதில் வரும். முள்ளங்கியைப் போலச் சாம்பாரில் இடலாம், கடலைப்பருப்போடு கூட்டாக்கலாம். பாலக்காட்டு அக்கிரகாரங்களில் புளியில்லாமல், பருப்பும் தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்துச் செய்யும் மொளகூட்டல் என்னும் குழம்பு உண்டு. டர்னிப்பின் சிறுகாரத்தைத் தேங்காயின் இனிப்பு அடக்கும்.

லயத்துக் கொல்லை

மூணாறு மலை தேயிலைக்கு வந்த வரலாறு 1877-இல் தொடங்குகிறது. ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகையாகப் பெற்ற ஆண்டு அது. பின்னர்த் தேயிலைக் கம்பெனிகள் வந்தன. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து ஆட்களை அழைத்து வந்தனர். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியில் இறங்கிப் போடிநாயக்கனூர் சென்றன. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. அன்று வந்தவர்களின் வழிவந்தோர் நான்காம், ஐந்தாம் தலைமுறையாக இன்றும் தேயிலை கிள்ளுகின்றனர்.

அவர்கள் வாழும் நெடுவரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். மலை முழுவதுமே எஸ்டேட் ஆதலின் அங்கே தோட்டம் என்றால் தேயிலைதான். வீட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள சிறு பாத்தியைக் கொல்லை என்று வேறுபடுத்திச் சொன்னால்தான் விளங்கும். மூங்கிற் பட்டியும் பழைய தகரமும் கொண்டு வேலி கட்டியிருப்பர். உள்ளே பீன்ஸ் கொடி, முட்டைக்கோசு, மல்லி, ஒரு வரிசை முள்ளங்கி, மறுவரிசை டர்னிப். முன்னால் கட்டாயமாகச் சாமந்தியோ டேலியாவோ இருக்கும்.

அத்தகைய கொல்லை ஒன்றில் களை பறித்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் சற்று நேரம் பேசும் வாய்ப்புக் கிட்டியது.

"எத்தனை வருசமா இந்தக் கொல்லை போடுறீங்க, பாட்டி?"

"கலியாணம் ஆகி இந்த லயத்துக்கு வந்த நாளிலேருந்துதான் தம்பி. மாமியார் போட்டாங்க, அப்புறம் நான். இப்ப மருமக பேருல வேலை இருக்கு, அதனால வீடும் இருக்கு."

"விதையெல்லாம் நீங்களே எடுத்து வைப்பீங்களா?"

"பீன்சு, அவரை, மல்லி எடுத்து வைப்பேன். இந்தக் கிழங்கு விதை மட்டும் கடையிலதான். பூ வந்தாலும் விதை ஒழுங்கா நிக்காது தம்பி. மண்ணும் நம்மது இல்ல. இதுக்கு விதையும் நம்மது இல்ல. வேலை செய்யுற கை மட்டும்தான் நம்மது."

அம்மூதாட்டியின் சொல்லில் வருத்தம் இருந்ததா, நகைப்பு இருந்ததா என்பது விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. எஸ்டேட்டில் வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றபின் குடும்பத்தில் வேறு யாரும் வேலையில் இல்லையேல் வீட்டை ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். நூறு ஆண்டு உழைத்த குலத்துக்கு மலையில் ஒரு சென்ட் நிலம் இல்லாதோர் மிகப் பலர். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு கூலிக்கும் போனசுக்கும் போராடியதை நாடு அறியும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டனர். இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாதவர்கள், கிடைத்த இடத்தில் வாழ்ந்தவர்கள். லயத்துக் கொல்லையைக் காணும்போது இவற்றையும் நினையாமல் இருக்க முடியாது.

விதை எங்கிருந்து வருகிறது?

டர்னிப் விதை நிற்காது என்று மூதாட்டி கூறியதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய வகை டர்னிப் ஈராண்டுப் பயிர். முதற்பருவத்தில் கிழங்கு திரட்டும். பல வாரம் கடுங்குளிர் பட்டபின்தான் அடுத்த பருவத்தில் பூத்து விதை தரும். அக்குளிர் நம் தென்மலைகளில் போதிய அளவு நீடிப்பது அரிது. மேலும் கடுகின் உறவினமாதலின், தேனீக்கள் பக்கத்துக் கொல்லைச் சீனக் கோசிலிருந்தும் கடுகுக் கீரையிலிருந்தும் மகரந்தம் கொண்டுவந்து கலந்துவிடும். தூய விதை வேண்டுமெனில் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி தேவை. லயத்துக்கும் லயத்துக்கும் நடுவே அவ்வளவு இடம் ஏது?

இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இருவகைக்கும் விதைகளை உருவாக்கியுள்ளது. பூசா சுவர்ணிமா, பூசா சந்திரிமா ஆகியன குளிர்நாட்டு வகைகள். இவற்றின் விதை இமயமலைப் பகுதியில் விளைகிறது. பூசா காஞ்சன், பூசா சுவேதி ஆகியன ஆசிய வகையைச் சார்ந்தவை. இவை வெப்பத்தை ஓரளவு பொறுக்கும். வட இந்தியச் சமவெளியிலேயே விதையும் தரும். மலைக்குக் குளிர்நாட்டு வகை, பாலக்காட்டுச் சமவெளிக்கு ஆசிய வகை என்று நினைவில் கொண்டால் போதும். ஊதாத்தலை வெள்ளை உருண்டை என்னும் பழைய அயல்நாட்டு வகையின் பொட்டலம் எங்கும் கிடைக்கும். அது மலைக்கும் குளிர்நாடுகளுக்கும் ஏற்றது.

நம் வீட்டுப் பாத்திக்கு

நம் சங்கத்துக் குடும்பங்கள் பல நாடுகளில் பரவியுள்ளன. இங்கிலாந்திலும் கனடாவிலும் வாழ்வோர் வசந்தத் தொடக்கத்தில் ஒரு முறையும், ஆகஸ்டில் ஒரு முறையும் விதைக்கலாம். வளைகுடா நாடுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலம். மும்பை, தில்லி நகரங்களில் ஐப்பசி பிறந்ததும் தொடங்கலாம். சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற இடங்களில் ஆண்டு முழுதும் வெப்பமாதலின் கிழங்கை எதிர்பாராமல் கீரைக்காக மட்டும் விதைப்பது அறிவுடைமை. நிலம் இல்லாதோர் ஒரு சாண் ஆழமுள்ள தொட்டியிலும் போடலாம். ஆழம் குறைந்தால் கிழங்கு கோணும்.

பிள்ளைகளைக் கொண்டே விதைக்கச் சொல்லுங்கள். விரைவில் முளைப்பதும் இரண்டு திங்களுக்குள் கைக்கு வருவதும் குழந்தைகளின் பொறுமைக்கு ஏற்றவை. அவர்கள் வளர்த்த செடியைக் களையச் சொன்னால் முதலில் மறுப்பர். எதற்காகக் களைகிறோம் என்று சொல்லி, களைந்ததை அன்றே பொரித்துக் கொடுத்தால் ஒப்புவர். பயிரின் பெயர், உரத்தின் பெயர், பூச்சியின் பெயர் என்று பாத்தியோரத்தில் பேசும் தமிழ் அவர்கள் நாவில் தங்கும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கித் தேவிகுளத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் நடைபெறுகின்றன. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டபோது, தமிழர் வாழும் பகுதிகளில் அரசோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடம் தரப்பட்டது. சட்டம் தந்த உரிமையையும் நாள்தோறும் பேசும் வீடுகளே உயிரோடு வைத்திருக்கின்றன.

கேரளத்துக்குச் செல்லும் அன்பர்கள் மூணாற்றின் தேயிலைச் சரிவைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். இன்னும் ஒரு நாள் ஒதுக்கி வட்டவடைக்கும் காந்தளூருக்கும் சென்று வருக. சந்தையில் பேரம் பேசாமல் ஒரு கிலோ பூண்டும் மறையூர் வெல்லமும் வாங்குக. வழியில் ஏதேனும் லயத்துக் கொல்லை கண்ணில் பட்டால், வேலிக்கு வெளியே நின்று, "என்ன போட்டிருக்கீங்க பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். விதைக்கும் பருவம், சாம்பல் தூவும் நேரம், மழைக்கு முன் மண் அணைக்கும் முறை எல்லாம் அவர்கள் சொல்வார்கள். எழுதி வைத்துக்கொண்டு வந்து, வரும் குளிர்காலத்தில் உங்கள் பாத்தியில் செய்து பாருங்கள்.